மிக்சரில் டீ கொட்டிவிட்டது

கேள்வி:

நான் ஊர்ப்பக்கம் சின்னதாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். 16 சேனல் அனலாக் மிக்சர் ஒன்றுதான் எனக்கு முதல். போன ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் மிக்சர் மேலேயே வைத்த டீ டம்ளர் சாய்ந்து, 5-வது சேனலிலிருந்து 9 வரை டீ உள்ளே இறங்கிவிட்டது. கச்சேரியை நிறுத்த முடியாத நிலை. துண்டால் துடைத்துவிட்டு முடியும்வரை ஓட்டினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் அந்த ஃபேடர்களைத் தள்ளினால் கரகரவென்று சத்தம். 7-வது சேனல் சுத்தமாகப் போய்விட்டது. மாஸ்டரில் வலது பக்கம் ஓர் உறுமல். ஹார்டுவேர் கடையில் துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வாங்கி ஃபேடர் இடுக்கில் அடித்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசம். ஒரு மெக்கானிக் அரிசி மூட்டையில் புதைத்து வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். காப்பாற்ற முடியுமா? இனி இப்படி நடந்தால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? கடன் வாங்கி டிஜிட்டல் மிக்சருக்கு மாறும் யோசனையும் இருக்கிறது. அதில் கொட்டினாலும் இதே வைத்தியம்தானா?

வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

காப்பாற்றலாம். போர்டை மாற்றும் அளவுக்கு இன்னும் போகவில்லை என்றுதான் நீங்கள் எழுதியிருக்கும் விவரம் காட்டுகிறது. ஆனால் ஒன்றை இப்போதே செய்துவிடுங்கள். மிக்சரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கழுவி, காயவைத்து முடியும்வரை ‘ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே’ என்ற நினைப்பே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஈரம் தனியாக இருக்கும்போது செய்கிற கெடுதல் கொஞ்சம். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால்தான் போர்டு அழிகிறது. பாலில் உள்ள உப்புகளும் தேயிலையிலிருந்து இறங்கிய உப்புகளும் டீயில் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் அருகருகே ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே அந்தச் சொட்டு நிற்கிறது என்று வையுங்கள். ஒரு தடத்தில் பிளஸ் 15 வோல்ட், பக்கத்துத் தடத்தில் மைனஸ் 15 வோல்ட். முலாம் பூசும் பட்டறையில் என்ன நடக்கிறதோ அதுவே இங்கும் நடக்கிறது. பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து நகர்ந்து மைனஸ் பக்கம் போய்ப் படிகிறது. ஒரு பக்கம் தடம் மெலிந்து அறுந்துபோகும். மறுபக்கம் மயிரிழைபோல உலோகம் வளர்ந்து ஷார்ட் ஆகும். போர்டை மூடியிருக்கும் பச்சைப் பூச்சு தடங்களை ஓரளவு காக்கும். சால்டரிங் புள்ளிகளுக்கும் ஐ.சி. கால்களுக்கும் அந்தக் காப்பு இல்லை. மின்சாரம் இல்லாத போர்டில் இதே டீ கிடந்தாலும் துரு ஏறத்தான் செய்யும், ஆனால் மெதுவாக ஏறும். நீங்கள் கச்சேரி முடியும்வரை ஓட்டியதும், பிறகு ஒரு வாரம் பயன்படுத்தியதும்தான் பெரிய சேதத்தைச் செய்திருக்கும்.

கண்டென்சர் மைக்குக்காக அன்று பேண்டம் பவர் போட்டிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சேனல் போர்டில் ஓடும் மின்னழுத்தங்களில் பெரியது அந்த 48 வோல்ட்தான். போட்டிருந்தால், எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட்டை ஒட்டி ஒவ்வொரு சேனலிலும் இருக்கும் இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் அவற்றின் பக்கத்துக் கெப்பாசிட்டர்களையும் முதலில் பாருங்கள். பச்சையோ நீலமோ பூத்திருந்தால் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

அன்று ஒன்றும் ஆகாமல் மறுவாரம் கோளாறு வந்ததற்குக் காரணம் சர்க்கரை. சர்க்கரை தானாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். பக்கத்திலேயே பாலின் உப்பு இருக்கிறது. டீ காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, மழை நாளிலும் பனி இரவிலும் அந்தப் படலம் மறுபடி ஈரமாகி, மறுபடி கசிவு தொடங்கும். ஒரு நாள் நன்றாக ஓடுவதும் மறுநாள் படுப்பதுமாக மிக்சர் ஆட்டம் காட்டுவது இதனால்தான்.

ஆகவே அரிசி மூட்டை உதவாது. அரிசி ஓரளவு ஈரத்தை எடுக்கலாம், உப்பையும் சர்க்கரையையும் எடுக்காது. போதாததற்குத் தவிட்டுத் தூசி ஃபேடர் இடுக்கில் இறங்கி இன்னொரு வேலை வைக்கும். துரு ஸ்ப்ரேயையும் இனி மிக்சர் பக்கம் கொண்டுவராதீர்கள். ஃபேடரின் தண்டவாளக் கம்பிகளில் கம்பெனியில் தடவிய கெட்டி கிரீஸ் இருக்கும். விரல் தள்ளும்போது வழவழவென்று ஒரே சீராகப் போவது அதனால்தான். ஸ்ப்ரே அந்தக் கிரீஸைக் கரைத்து, டீக் கறையோடு குழைத்து, கார்பன் பட்டையின்மேல் பூசிவிடுகிறது. அந்த எண்ணெய் ஈரமாக இருந்த இரண்டு நாளும் ஃபேடர் நன்றாக இருந்தது. பிறகு தூசி ஒட்டிக்கொண்டது.

இனி வைத்தியம். சர்க்கரையும் பாலும் கொட்டிய போர்டைத் தண்ணீரால்தான் கழுவ வேண்டும். இதைக் கேட்டதும் பலருக்கும் கை நடுங்கும். மொபைல் சர்வீஸ் கடைகளில் எல்லாவற்றுக்கும் ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் அதுவே சரியான மருந்து என்று நம்பிவிட்டோம். ஆனால் சர்க்கரை ஐ.பி.ஏ.யில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பால் புரதமோ அதில் பட்டதும் திரிந்து கட்டியாகி இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர், கடைசியில் ஐ.பி.ஏ. இந்த வரிசையை மாற்றக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளிலேயே, தண்ணீரில் கரையும் ஃபிளக்ஸ் போட்டு சால்டர் செய்த போர்டுகளை உப்பு நீக்கிய தண்ணீரால்தான் கழுவுகிறார்கள். உங்கள் போர்டும் மின்சாரம் இல்லாமல், நல்ல தண்ணீரில் நனைந்து, முழுதாகக் காய்ந்தால் ஒன்றும் ஆகாது.

நல்ல தண்ணீர் என்பது டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கேனில் விற்கிறார்களே, அதுதான். வாங்கும்போது கேனைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்ததும் அதன் உப்பு போர்டில் தங்கிவிடும்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாப்களையும் ஃபேடர் தொப்பிகளையும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். பேனலுக்கு மேலே கண்ட்ரோல்களையும் ஜாக் சாக்கெட்டுகளையும் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிய பிறகுதான் போர்டு வெளியே வரும். ஒரு நட்டை மறந்துவிட்டு இழுத்தால் சாக்கெட்டின் சால்டரிங் விட்டுப்போகும். டீ செய்ததைவிடப் பெரிய சேதம் அது. ரிப்பன் கேபிள்களைக் கழற்றும்போது எது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மார்க்கரால் குறித்து வையுங்கள். டீ அந்தக் கேபிள் வழியாக நடந்துபோய் 5-க்கும் 9-க்கும் வெளியே இருக்கும் கனெக்டருக்குள்ளும் புகுந்திருக்கலாம். கனெக்டர்கள் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

பவர் சப்ளை இருக்கும் பகுதிக்கு நீங்கள் போக வேண்டாம். ஸ்விட்ச் மோடு சப்ளையாக இருந்தால், 230 வோல்ட் கரன்ட் டி.சி.யாக மாறி அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அப்படியே இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. டீ அங்கேயும் போயிருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கழற்றிய சேனல் போர்டில் டீக் கறை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மெல்லிய டூத் பிரஷால் பதமாகத் தேயுங்கள். பால் கொழுப்பு கரைய அந்தச் சோப்பு வேண்டும். பிறகு சோப்பின் சுவடே இல்லாதபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் பல முறை அலசுங்கள். மியூட், பி.எஃப்.எல். போன்ற அமுக்கு சுவிட்சுகளும் திருகும் கண்ட்ரோல்களும் மூடிய சாமான்கள் அல்ல. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவற்றை அமுக்கி, திருப்பி, உள்ளே இருப்பதை வெளியே வர வையுங்கள். டிரான்ஸ்பார்மர், எஃபெக்ட் டிஸ்ப்ளே, மீட்டர் ஆகியவற்றின் மேல் தண்ணீர் படக்கூடாது. தின்னரும் பெட்ரோலும் எக்காரணம் கொண்டும் கூடாது. பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கும்.

அலசி முடித்ததும் 99 சதவீத ஐ.பி.ஏ.யை ஊற்றி வடியவிடுங்கள். இப்போது அதன் வேலை, சாமான்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாவது. இதைத் திறந்த இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு, சால்டரிங் அயர்ன் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு முழு நாள் கிடக்கட்டும். மழைக்காலம் என்றால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரைச் சூடாக வைத்து அடித்தால் ஃபேடரின் பிளாஸ்டிக் வளையும்.

காய்ந்த போர்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பச்சை பூத்த இடத்தை ஐ.பி.ஏ. தொட்ட பிரஷால் சுரண்டிவிட்டு, அந்தத் தடத்தின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் ஒட்டுப் போட்டுவிடலாம். இப்படி இரண்டு மூன்று ஒட்டு போட்ட போர்டு பல வருடம் உழைக்கும். முழு போர்டையும் மாற்றச் சொல்கிறவர் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

ஃபேடர்களைப் பற்றி என் முடிவு வேறு. டீயும் ஸ்ப்ரேயும் சேர்ந்து போன அந்த 5 ஃபேடரையும் கழுவிப் பார்க்கலாம், ஆனால் நம்பிக் கச்சேரிக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே கார்பன் பட்டையின்மேல் மெல்லிய உலோக விரல்கள் உரசிக்கொண்டு போகின்றன. பட்டையில் ஒருமுறை அரிப்பு விழுந்துவிட்டால் எந்தக் கிளீனரும் அதைத் திருப்பித் தராது. இரண்டு முனைக் கால்களுக்கு இடையில் மீட்டரை வைத்தால், 10 கிலோ ஓம் ஃபேடர் எந்த இடத்தில் நின்றாலும் சுமார் 10 கிலோ ஓம்தான் காட்ட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை நடுக்காலுக்கு மாற்றி, மெதுவாகத் தள்ளும்போது எண் தாவாமல் சீராக ஏற வேண்டும். எங்காவது துள்ளினால் மாற்றிவிடுங்கள். புதிது வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டத்தின் நீளம் 60 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா, மேலே A10K என்று இருக்கிறதா B10K என்று இருக்கிறதா, கால்கள் எத்தனை, தொப்பி மாட்டும் தண்டின் உயரம் எவ்வளவு, நான்கும் ஒத்துப்போக வேண்டும். A, B எழுத்தைக் கவனிக்காமல் மாற்றினால் வேலை செய்யும், ஆனால் சத்தம் ஏறும் விதம் மற்ற சேனல்களோடு ஒத்துவராது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பொதுவான அளவுகள் கிடைக்கும். கிடைக்காவிட்டால், நீங்கள் அதிகம் தொடாத 15, 16-வது சேனல் ஃபேடர்களைக் கழற்றி முக்கியமான சேனலுக்குப் போடுங்கள்.

7-வது சேனலுக்கு வருவோம். அதைச் செத்ததாக முடிவுகட்டும் முன் அதன் இன்ஸர்ட் சாக்கெட்டைப் பாருங்கள். அதில் எதுவும் சொருகாதபோது உள்ளே இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சேனலின் முழு சிக்னலும் அந்தத் தொடுதல் வழியாகத்தான் போகிறது. அங்கே டீ காய்ந்து ஒரு படலம் பிடித்தால் போதும், ஐ.சி., ஃபேடர் எல்லாம் நன்றாக இருந்தும் சேனல் ஊமையாகிவிடும். ஒரு ஸ்டீரியோ ஜாக்கின் டிப்பையும் ரிங்கையும் ஒன்றாக சால்டர் செய்து அந்த இன்ஸர்ட்டில் சொருகுங்கள். சத்தம் வந்தால் குற்றவாளி சாக்கெட்தான். ஒரு சேனலையே தூக்கிப்போட இருந்த இடத்தில் ஒரு சாக்கெட்டோடு வேலை முடிந்துவிடும். போர்டைக் கழுவி மாட்டிய பிறகு இதைச் செய்யுங்கள், இப்போது அல்ல.

கழுவிய பிறகும் வலது பக்க உறுமல் இருந்தால், மாஸ்டர் ஃபேடரை முழுக்கக் கீழே இறக்குங்கள். உறுமல் நின்றால் கோளாறு ஃபேடருக்கு முன்னால், அதாவது எல்லாச் சேனலும் வந்து கலக்கும் இடத்தில். அங்கே மிகச் சிறிய கசிவும் பெரிதாகக் கேட்கும் என்பதால், பெரும்பாலும் ரிப்பன் கேபிளின் கனெக்டரில் மிச்சமிருக்கும் டீதான் காரணமாக இருக்கும். நிற்காவிட்டால் ஃபேடருக்குப் பின்னால், வெளியீட்டு ஐ.சி. பக்கம் தேடுங்கள்.

கரகரப்பு பற்றி இன்னொன்று. கண்ட்ரோல் சுத்தமாக இருந்தும் திருப்பும்போது கரகரத்தால், அதன் வழியே டி.சி. கசிகிறதா என்று பாருங்கள். மைக் எதுவும் மாட்டாமல் மீட்டரை டி.சி.யில் வைத்து அளந்தால் சில மில்லிவோல்ட் காட்டுவது இயல்பு. நூற்றுக்கணக்கில் காட்டினால் முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது போர்டு இன்னும் சுத்தமாகவில்லை. கண்ட்ரோலை மாற்றிப் பயனில்லை.

முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது, ஒர்க்‌ஷாப்பில் இருக்குமே குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு, அதன் வழியாகக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிவது ஸ்விட்ச் மோடு சப்ளையில் சகஜம், அப்போது பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கலாம். பேண்டம் பவர் அணைந்திருக்கட்டும், ஆம்பை இணைக்க வேண்டாம். பிளஸ், மைனஸ் சப்ளைகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக வருகின்றனவா என்று அளந்துவிட்டு, எதுவும் சூடாகவில்லை என்று உறுதியான பிறகு பேண்டத்தைப் போடுங்கள். அது 44-க்கும் 52-க்கும் நடுவில் இருந்தால் சரி. ஒரு நாள் முழுக்கப் பட்டறையிலேயே பாட்டு ஓடட்டும். பிறகு ஐப்பசி அடைமழையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கழுவாமல் விட்ட இடம் இருந்தால் அப்போது பச்சை பூத்திருக்கும்.

மறுபடி கொட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் ஆம்பை அணைக்கச் சொல்லிவிட்டு மிக்சரின் கரன்ட்டை நிறுத்துங்கள். ஆள் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், மிக்சரை நிறுத்துங்கள். ஸ்பீக்கரில் ஒரு ‘டொம்’ விழும், விழட்டும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாமல் கரன்ட் வரும் சுவிட்ச் போர்டில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒயர்களை உருவிவிட்டு மிக்சரைக் குப்புறக் கவிழ்த்துப் பிடியுங்கள். மேலே இருந்து இறங்கியது வந்த வழியே திரும்பட்டும். நிமிர்த்தியே வைத்திருந்தால் கீழே உள்ள போர்டுக்குப் போய்விடும். கூடிய சீக்கிரம், முடிந்தால் காய்வதற்கு முன், கழுவிவிடுங்கள். வெறும் குடிதண்ணீர் கொட்டியிருந்தால் காயவைத்தாலே பல நேரம் போதும். இளநீரும் மோரும் டீயைவிட மோசம், ஒன்றில் உப்பு அதிகம், மற்றதில் அமிலமும் சேர்ந்திருக்கிறது. கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கச்சேரியை எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். கமிட்டியின் கோபத்தைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. அதனால்தான் ஒவ்வொரு சவுண்ட் சர்வீஸ்காரரும் பெட்டியில் ஒரு 4 சேனல் சின்ன மிக்சரையோ, மைக் நேராக மாட்டும் வசதியுள்ள ஆம்பையோ கூடவே கொண்டுபோக வேண்டும் என்கிறேன். பாடகர் மைக்கும் கீபோர்டும் மட்டும் ஓடினாலே கூட்டம் உட்கார்ந்திருக்கும். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். டம்ளர் வைக்க இடம் இருந்தால் யாரும் மிக்சர் மேல் வைக்க மாட்டார்கள். சொல்லித் தடுப்பதைவிட இது பலன் தரும்.

டிஜிட்டல் மிக்சரில் இந்த வைத்தியத்தை நீங்களே செய்யாதீர்கள். நுண்ணிய கால்களுள்ள ஐ.சி.களுக்கு அடியில் புகுந்த டீயைப் பிரஷால் எடுக்க முடியாது. மோட்டார் ஃபேடர், தொடுதிரை எல்லாம் தனிக் கவனிப்பு கேட்கும். கரன்ட்டை நிறுத்தி, கவிழ்த்து, அன்றே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். பல மாடல்களில் நினைவகத்துக்காக உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அதிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். அதை முதலில் கழற்றச் சொல்லுங்கள். கழற்றினால் செட்டிங் அழியலாம் என்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சியின் செட்டிங்கையும் அவ்வப்போது பென் டிரைவில் எடுத்து வையுங்கள். இந்த ஒரு கோளாறுக்காகக் கடன் வாங்க வேண்டாம். முதலில் உங்கள் 16 சேனலைக் கழுவிப் பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர், ஐ.பி.ஏ., 5 ஃபேடர், ஒருவேளை ஒரு சாக்கெட், செலவு அவ்வளவுதான்.